சட்டம் உயர்தரப் பாடமாக வேண்டும்

2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதவானின் கட்டளையின் கீழ் சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளர்களும் மாதக்கணக்கில் அகழ்ந்தார்கள். 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போயின; பல நூற்றாண்டுகள் பழையவை என்று 2019இல் அறிக்கை வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. பிரதான வீதியோரத்தில் இவ்வளவும் நடந்தது. அங்கே நீதவானுக்கு என்ன வேலை, சான்றுப் பொருள் கைமாறும்போது ஏன் முத்திரை வைக்கிறார்கள் என்று மன்னார்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தனிப் பாடம் இருக்கவில்லை.

அமெரிக்காவில் பல உயர்நிலைப் பாடசாலைகளில் 16, 17 வயதுப் பிள்ளைகள் குற்றவியல் நீதியைப் படிக்கிறார்கள். சித்தியடைந்தால் அது கல்லூரிப் படிப்பின் கணக்கிலும் சேர்கிறது. காசும் காலமும் மிச்சம். எமது உயர்தரத்தில் அரசறிவியல் உண்டு, அளவையியல் உண்டு, குற்றவியல் சட்டம் இல்லை. பாடசாலையில் படித்தது வெளியிலும் செல்லுபடியாவது எமக்குப் புதிதும் அல்ல. 13 வருடக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவில் படிக்கும் பிள்ளை தேசிய தொழில் தகைமை நோக்கிப் போகிறது. அந்தப் பாதையில் சட்டத்துக்கும் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

தோட்டத் தொழிற்சங்கத்துக்கு மன்னாரில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். எமது முன்னோர் வந்திறங்கிய கரை அது. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் ஆயிரக்கணக்கானோரைத் திருப்பிக் கப்பலேற்றியதும் தலைமன்னாரிலிருந்துதான். 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்கும் மன்னார்ப் பெருநிலத்துக்கும் ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே படிக்கிறார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் இதையெல்லாம் நினைவூட்டினார்கள்.

சட்டம் எம்மை நன்றாகவே அறியும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளி குற்றவாளி, சிறைக்கும் அனுப்பலாம். நாம்தான் சட்டத்தை அறியவில்லை. இன்றும் பொலிஸ் நிலையத்தில் எம்மவர் தமக்குப் புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தின் கீழ் கையொப்பமிடுகிறார். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், நிரூபிக்கப்படும்வரை அவர் நிரபராதி என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்வது அவருக்குத் தெரியாது. சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இருப்பதும் தெரியாது. மன்னாரில் கடலில் பிடிபட்ட மீனவரின் வீட்டிலும் இதே நிலைதான்.

கணிதத்துக்கே ஆசிரியர் இல்லை, சட்டத்துக்கு எங்கே போவது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களும் பதிவாளர்களும் இளம் சட்டத்தரணிகளும் ஊரில் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு பாடவேளை, மாதத்தில் ஒருநாள் திறந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்ப்பது. இதற்குக் கட்டடம் வேண்டாம். (சட்டம் படித்த பிள்ளை கலகக்காரனாகும் என்று துரைமார் சொன்னால், சொல்லட்டும்.)

முதலில் மன்னாரிலும் நுவரெலியாவிலும் சில பாடசாலைகளில் தொடங்கலாம். அந்தப் பெறுபேற்றைச் சட்டபீடங்களும் திறந்த பல்கலைக்கழகமும் எந்த அளவுக்குக் கணக்கில் எடுக்கும் என்பதைக் கல்வி அமைச்சு எழுத்தில் தர வேண்டும்.