அயல்நாட்டில் வீடு கட்டப் போகலாமா?

ராயகிரியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சார், வெளிநாட்டிலே பூகம்பம் வந்தா, அங்கே போய் வீடு கட்டிக் குடுக்கிற தொண்டர்கள் இருக்காங்களாமே? நானும் படிச்சு முடிச்சிட்டுப் போகலாமா?"

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர் அது. பூமி ஆடி ஒரு தெருவே சரிவதை அந்தப் பையன் பார்த்ததில்லை. ஆயினும், எங்கோ வீடிழந்து நிற்பவனுக்காக அவன் மனம் இரங்குகிறதே! "போகலாம்" என்று உடனே சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் சொல்லவில்லை. அதற்கான காரணத்தை மாணவ நண்பர்களாகிய உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

1934 ஜனவரி 15. பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர், வட பீகாரையும் நேபாளத்தையும் ஒரு பெரும் பூகம்பம் உலுக்கியது. அதன் அளவு ஏறத்தாழ 8. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், ஜனவரி 24 அன்று நம் திருநெல்வேலியில் பேசுகையில், இந்தப் பூகம்பம் தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று தாம் நம்புவதாகச் சொன்னார். கவி தாகூர் அதனை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையிலேயே காரணம் தேட வேண்டும் என்று மறுத்து எழுதினார். அந்த மறுப்பை அடிகள் தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டது அவருடைய பெருந்தன்மை. தீண்டாமை கொடுமையிலும் கொடுமைதான். ஆனால் அதற்குப் பூகம்பத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. அறிவியல் படிக்கும் நாம் இதில் தாகூர் பக்கம்தான் நிற்க முடியும்.

காரணம் எதுவாயிருந்தால் என்ன, வீடு கட்டினால் போதாதா என்று கேட்கிறீர்களா? போதாது. வட பீகாரின் தரைக்கடியில் ஆறுகள் கொணர்ந்து கொட்டிய நுண்மணல் நீரில் ஊறிக் கிடக்கிறது. சாதாரண நாளில் மணற்பருக்கைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். தரை விடாமல் குலுங்கும்போது அந்தப் பிடி விட்டுப் போகிறது. இடையிலுள்ள நீரின் அழுத்தம் ஏறி, மணல் குழம்புபோல் ஆகிவிடுகிறது. வெடிப்புகளின் வழியே நீரும் மணலும் ஊற்றாகப் பீறிடுகின்றன. அன்று அப்படித்தான் வயல்களும் கிணறுகளும் மணலால் மூடுண்டன. சுமார் 300 கிலோமீட்டர் நீளப் பகுதியில் கட்டடங்கள் சாய்ந்தும் புதைந்தும் போயின. நீர் வடியும் வழிகள் தூர்ந்து, பல கிராமங்கள் வெள்ளத்துக்கு இரையாகும் இடங்களாயின. அங்கே பழைய இடத்திலேயே வீட்டைக் கட்டிக்கொடுப்பது தொண்டா, தீங்கா?

இந்த நிலையில்தான் ஸ்விட்சர்லாந்திலிருந்து பியர் செரெசோல் வந்தார். பொறியியல் படித்தவர். அவருடைய தந்தை அந்நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்தவர். முதல் உலகப் போரில் தரைமட்டமான வெர்டன் பகுதியில், 1920இல் பல நாட்டுத் தொண்டர்களைத் திரட்டி, மண்வெட்டியும் கையுமாக வீடு கட்டத் தொடங்கியவர். சில தோழர்களோடு பீகாருக்கு வந்து, 1937 வரை மீண்டும் மீண்டும் தங்கி, முசாபர்பூர் பகுதியில் வெள்ளத்துக்குத் தப்பிய இடங்களில் புதுக் குடியிருப்புகள் அமைக்கும் வேலையில் உள்ளூர் மக்களோடு உழைத்தார். வந்தவர் தலைமை தாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நிவாரணத்தை நடத்தியவர் ராஜேந்திர பிரசாத். கணக்கைப் பார்த்தவர் நம் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. தொண்டர்களின் அன்றாடச் செலவுக்கு அவர் சில அணாக்களே அனுமதித்தார் என்றும், காந்தியடிகளின் குழுவினருக்குக்கூட நிவாரண நிதியிலிருந்து செலவு தர மறுத்தார் என்றும் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த கணக்கர்!

குமரப்பாவின் கண்ணோடு இன்றைய நிலையைப் பார்ப்போம். இரண்டு வாரத்துக்கு அயல்நாடு சென்று செங்கல் எடுத்துக்கொடுக்கும் ஒருவரின் விமானக் கட்டணத்தை, அந்த ஊர்க் கொத்தனாரின் ஒருநாள் கூலியால் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் வேலை வருகிறது? அதுவும், வீடிழந்த அந்தக் கொத்தனாருக்கு அப்போது அவசரமாகத் தேவைப்படுவது கூலிதான். வேலை தெரியாத இரண்டு கைகள் அவருக்கு உதவியா, உபத்திரவமா?

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவுள்ள பூகம்பம் ஏற்பட்டது. சுமார் 9,000 பேர் இறந்தனர். ஏறக்குறைய ஐந்து லட்சம் வீடுகள் இடிந்தன. பெரும்பாலானவை கல்லை மண்சாந்தில் வைத்துக் கட்டியவை. சுவர்களைச் சுற்றி ஓடும் பட்டைகள் இல்லாததால் ஒவ்வொரு சுவரும் தனித்தனியே ஆடி விழுந்தது. மறுகட்டுமானத்தில் பெரும்பயன் தந்த வேலைகளுள் ஒன்று, உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சி அளித்தது. அந்தப் பயிற்சியைத் தரத் தெரிந்தவர் எந்த நாட்டவராயினும் போகட்டும். அதற்கு ஆகும் விமானக் கட்டணத்தைக் குமரப்பாவே தந்திருப்பார் என்பது என் எண்ணம்.

ஆகவே பையனை அழைத்துக்கொண்டு, ராயகிரியில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஓர் இடத்துக்குப் போனேன். கொத்தனார் அவன் கையில் ரசமட்டத்தைக் கொடுத்தார், தூக்குக்குண்டைப் பிடிக்கச் சொன்னார். அரைமணியில் அவனுக்கு வியர்த்துவிட்டது. தூணுக்குக் கட்டும் ரிங் கம்பிகளை அவன் உற்றுப் பார்த்தான். முனைகள் 90 பாகையில் மடிந்திருந்தன.

"அண்ணாச்சி, இதை இன்னும் உள்ளே, 135 பாகைக்கு மடக்கணும்னு சார் சொன்னாரே?"

பூகம்பத்தில் தூணின் மேற்பூச்சு உதிரும்போது 90 பாகைக் கொக்கி விரிந்துவிடும். உள்ளே மடங்கிய கொக்கியோ கான்கிரீட்டைக் கவ்வி நிற்கும். இதை அவரிடம் விளக்கினேன். கொத்தனார் ஒரு கம்பியை எடுத்துப் பலகையில் வைத்து, மெல்ல மடக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் கூடுதலா கம்பி பிடிக்கும். அவ்வளவுதானே? இத்தனை வருஷமா யாரும் சொல்லலியே, தம்பி" என்றார்.