ரயிலை வாங்குங்க, மலையை வாங்காதீங்க!



நம்ம சேனலில் எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், பழைய வரி முறையா புது வரி முறையா என்று எதைப் பேசினாலும் ஒரு கேள்வி மட்டும் தவறாமல் வந்துடும். "சார், எனக்கு ஒரு ஹாபி இருக்கு. மாசம் ஆயிரம் ரூபா போகுது. வீட்டுல தண்டச் செலவுன்னு சொல்றாங்க. நிறுத்திடலாமா?"

எங்க பொம்மிடியில் இந்த ஹாபி ரயிலாகத்தான் இருக்கும். சேலம் - ஜோலார்பேட்டை மெயின் லைனில் இருக்கிற ஊர். முன்னாடி தண்டவாளம், பின்னாடி சேர்வராயன் மலை. இங்கே வளர்ற பசங்களுக்கு ரயில் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சிலருக்கு அது பெரியவங்களான பிறகும் போகாது. வீட்டில் ஒரு பலகை மேல் குட்டித் தண்டவாளம் போட்டு, மலை, மரம், ஸ்டேஷன் வைத்து ரயில் ஓட விடணும் என்ற ஆசை இருக்கும். அதை வைத்தே பதில் சொல்றேன்.

"மாசம் ஆயிரம்" கணக்கு

வழக்கமான பதில் உங்களுக்கே தெரியும். மாசம் 1,000 ரூபாய், 12 சதவீத வளர்ச்சி, 20 வருஷம். கிட்டத்தட்ட 10 லட்சம். கணக்கு சரிதான். (அந்த 12 சதவீதத்துக்கு யாரும் கேரண்டி தரலை என்பதையும் சேர்த்துப் படிங்க.) ஆனால் இந்தக் கணக்கை டீ, சினிமா, கோயில் பயணம் என்று எதன் மேல் வேணும்னாலும் வைக்கலாம். எல்லாத்து மேலயும் வைத்தால் கடைசியில் பணம் இருக்கும், அதை எதுக்குச் சேர்த்தோம் என்பது மறந்து போயிருக்கும்.

எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, கிரெடிட் கார்டில் பாக்கி இல்லை என்றால் ஹாபிக்கு ஒரு தொகை ஒதுக்குவது தப்பே இல்லை. இந்த மூணில் ஒண்ணு குறைந்தாலும் ரயில் காத்திருக்கட்டும். மாசம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுற கார்டில் வாங்கின இன்ஜின் உங்க வீட்டுப் பலகையில் ஓடினாலும், அது இழுக்கிறது உங்க சம்பளத்தைத்தான்.

எதுக்குச் செலவு, எதுக்கு வேண்டாம்

என் விதி இது: ஓடுறதை வாங்குங்க, ஓடாததைச் செய்யுங்க.

நல்ல இன்ஜினை டப்பாவோடு பத்திரமா வைத்திருந்தால் நாளைக்கு இன்னொரு ரசிகர் வாங்கிக்குவார். அதுக்கு மறுவிற்பனை மதிப்பு இருக்கு. தண்டவாளம், கன்ட்ரோலருக்கும் ஓரளவு இருக்கு. ஆனால் நீங்க ஒட்டின மலையை யாரும் வாங்க மாட்டாங்க. வாடகை வீடு மாறினால் அது குப்பைக்குத்தான் போகும். மதிப்பு பூஜ்யம் ஆகப்போற ஒண்ணுக்கு எதுக்குக் காசு? செட்டில் மரம், புல், பாறை என்று பாக்கெட் பாக்கெட்டா விக்கிறாங்களே, அதில்தான் பணம் கரையும்.

இன்னொரு விஷயம். இறக்குமதியாகிற பொம்மைகளுக்கு சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. ஸ்கேல் மாடல்களும் அதே 9503 என்ற தலைப்பில்தான் வருது. கடையில் வெளிநாட்டுப் பாக்கெட்டின் விலை ஏன் கண்ணைக் கட்டுது என்பதற்கு இது ஒரு காரணம்.

காசை விடுங்க. அந்தப் பாக்கெட்டில் இருக்கிறது ஐரோப்பாவின் பச்சைப்புல். நம்ம ஊர் செம்மண், புளியமரம், கோடையில் காய்ந்து போன புதர் எதுவும் அதில் இல்லை. தர்மபுரி மாவட்டத்தைச் செய்யணும்னா தர்மபுரி மண்ணைவிடப் பொருத்தமானது வேற என்ன இருக்கு?

வீட்டிலேயே இருக்கிற சாமான்

பரவலா கிடைக்கிற எச்ஓ அளவு என்றால் 87-ல் ஒரு பங்கு. இந்த எண்ணை வைத்தே எல்லாத்தையும் அளந்துடலாம்.

ஜல்லி: நிஜத் தண்டவாளத்தில் போடுற ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். 87-ல் வகுத்தால் ரவை அளவு. ஆனால் ரவையைப் போடாதீங்க, எறும்பும் வண்டும் வரும். பக்கத்தில் வீடு கட்டுற இடத்தில் ஒரு டம்ளர் எம்-சாண்ட் கேளுங்க. டீ வடிகட்டியில் சலித்தால் சாம்பல் நிறத்தில் அசல் ஜல்லி.

மண்: தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்து, பழைய தவாவில் வறுத்து ஆற வைங்க. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். வடிகட்டின டீத்தூளும் அப்படித்தான், நாலு நாள் நல்ல வெயில் வேணும்.

மலை: கொரியர் அட்டைப்பெட்டியைப் பட்டை பட்டையா வெட்டிக் கூடு கட்டுங்க. மேலே பழைய நியூஸ்பேப்பரை ஃபெவிகால் தண்ணியில் நனைத்து மூணு அடுக்கு ஒட்டுங்க. தெர்மோகோலைச் சூடான கம்பியால் அறுக்கிற வீடியோ நிறைய இருக்கு. அந்தப் புகை நல்லதில்லை, குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம்.

மரம்: 20 மீட்டர் புளியமரம் 23 சென்டிமீட்டர் வரும். காய்ந்த குச்சி, பாத்திரம் தேய்க்கிற பச்சை நார், பச்சைக் கோலப்பொடி கலந்த மரத்தூள் போதும். மின்கம்பத்துக்குத் தென்னந்துடைப்பக் குச்சி.

அகலக்கால் வைக்காதீங்க. ஒரு கிலோமீட்டர் உயர மலையை அளவு மாறாமல் செய்தால் 11 மீட்டருக்கு மேல் போகும், மூணு மாடி! அதனால் சேர்வராயன் மலையைப் பின்னாடி சார்ட்டில் வரைந்துடுங்க, அடிவாரத்தை மட்டும் செய்யுங்க. ஒரு ஐசிஎஃப் பெட்டி சுமார் 25 சென்டிமீட்டர். 24 பெட்டி என்றால் 6 மீட்டர், எந்த ஹாலிலும் அடங்காது. நாலு பெட்டி போதும். நாலுக்கு ரெண்டு அடிப் பலகைகளா பிரித்துச் செய்தால் வீடு மாறும்போது கழற்றிக் கொண்டுபோகலாம்.

இதெல்லாம் வெளிநாட்டு வித்தை என்று நினைக்காதீங்க. கொலுப்படிக்குக் கீழே பார்க் வைக்கிறவங்க இதைத்தான் செய்றாங்க. வெந்தயமும் கேழ்வரகும் முளைக்க வைத்து வயல், முகம் பார்க்கிற கண்ணாடியில் குளம். கிறிஸ்துமஸ் குடிலில் கசக்கின பேப்பர்தான் பாறை. புனே கோத்ரூட்டில் 1998-ல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம், பாவு ஜோஷி என்ற தனி மனிதரின் ஆர்வத்தில் பிறந்தது. போனால் அவசியம் பாருங்க.

ரெண்டு எச்சரிக்கை

ஒண்ணு, "மிச்சம் பிடிக்க" வாங்குற கருவிகள். 200 ரூபாய் மரத்தை வாங்காமல் இருக்க ஏர்பிரஷ், 3டி பிரின்டர் என்று ஆயிரக்கணக்கில் போடுறது சேமிப்பே இல்லை. கத்தரி, பிரஷ், பசை. முதல் வருஷம் இதோட நிறுத்துங்க.

ரெண்டாவது, "உன் ஒரு மணி நேரத்தின் விலை என்ன?" என்று கேட்கிற யூடியூப் அறிவுரை. எங்க தொழிலில் வாய்ப்புச் செலவு முக்கியமான பாடம், மறுக்கலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்க பொண்ணோடு உட்கார்ந்து அட்டை ஒட்டுற ரெண்டு மணி நேரத்தில் நீங்க எந்த சம்பளத்தையும் இழக்கலை. பெரும்பாலும் இழக்கிறது ரீல்ஸைத்தான். கடையில் ரெடிமேட் மலை வாங்கினால் அந்த ரெண்டு மணி நேரம் மிச்சமாகும். அந்த மிச்சம்தான் நஷ்டம்.

குழந்தைகளுக்கு இதில் நிதிப் பாடமும் இருக்கு. கையில் 500 ரூபாயும் ஒரு நோட்டும் கொடுங்க. "இந்த வருஷம் சீனரிக்கு இவ்வளவுதான், ஒவ்வொரு செலவையும் நீதான் எழுதணும்" என்று சொல்லுங்க. எதை வாங்கணும், எதைச் செய்துக்கலாம் என்று அவங்களே முடிவு பண்ணுவாங்க. 87-ல் வகுக்கிற கணக்கும் வந்துடும், பட்ஜெட்டும் வந்துடும். நான் வீடியோவில் அரை மணி நேரம் கத்தினாலும் அது பதியாது.

அதனால் நிறுத்திடலாமா என்று கேட்டவருக்கு என் பதில்: நிறுத்தாதீங்க. அந்த ஆயிரத்தில் எவ்வளவு ஓடுறதுக்குப் போகுது, எவ்வளவு ஓடாததுக்குப் போகுது என்று ஒரு மாசம் எழுதிப் பாருங்க. ரெண்டாவது எண்ணை வெட்டுங்க, அதை எஸ்ஐபியில் போடுங்க. முதல் எண்ணுக்காக யார்கிட்டயும் மன்னிப்பு கேட்க வேண்டாம்.