வானிலெழும் புயலுக்கும் கூண்டு வேண்டும்

கடலில் புயலெழுந்தால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. கண்ணுக்குப் புலனாகாத வேறொரு புயலும் உண்டு. அதனை மக்களுக்கு அறிவிப்பார் யார்?

கதிரவனிலிருந்து சீறிவரும் மின்துகள்கள் புவியின் காந்தப்புலத்தைக் குலைக்கையில் அயனி மண்டலம் கொந்தளிக்கிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ். அலைகள் அதனைக் கடந்தே நம்மை எட்டுகின்றன. ஆங்கு எலக்ட்ரான்கள் மிகுந்தால் அலை தாமதிக்கும். கருவி இடத்தைப் பிழையாகக் காட்டும். 2003 அக்டோபர்ப் புயலில், அமெரிக்க விமானங்களுக்கு உயரம் உணர்த்தும் செயற்கைக்கோள் துணைச்சேவை பல மணி நேரம் பயன்படாது போயிற்று. 2024 மே மாதப் புயலில், அந்நாட்டு உழவர்களின் ஜி.பி.எஸ். டிராக்டர்கள் விதைப்புக் காலத்தில் தடுமாறின.

நமக்கென்ன என்றிருத்தல் தகாது. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. ஆதலின் புயலற்ற நாளிலும், அந்திக்குப்பின் அயனி மண்டலத்தில் குமிழிகள் தோன்றி அலைகளை நடுங்கச் செய்வதுண்டு. இரு அதிர்வெண் அலைகளின் தாமத வேறுபாட்டைக் கொண்டு எலக்ட்ரான் அளவைக் கணிக்கின்றனர். திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவன ஆய்வகம் காந்தப்புல மாற்றங்களைப் பதிவு செய்கிறது. 'ககன்' அமைப்பு விமானங்களுக்குத் திருத்தம் அனுப்புகிறது.

ஆயினும் அளத்தல் மட்டும் போதாது. இரவுக்கடலில் கருவியொன்றையே நம்பிச் செல்லும் மீனவருக்கும் அச்செய்தி எட்ட வேண்டும். வானொலியின் வானிலை அறிக்கையோடு இதுவும் தமிழில் ஒலிக்கட்டும். படகில் பழைய திசைகாட்டியும் இருக்கட்டும். அறிவிப்பைத் தெளிதமிழில் எழுதித்தரும் பணிக்கு நம் மாணவர்கள் முன்வர வேண்டும். அறிவியலும் தமிழும் ஒருசேரக் கற்றவர்க்கே அது கைகூடும்.