விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தக் காசு கொடுக்கலாமா? – எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பருவம் வந்தாலே பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது: "பிள்ளை எழுதின கட்டுரையைத் திருத்தித் தர கன்சல்டன்சியில் பணம் கேக்குறாங்க. கட்டலாமா?" ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிப் பேசி எடுத்த முடிவைக் கீழே தருகிறோம்.

நிலைப்பாடு

படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்பவருக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. அது கட்டாயமும் இல்லை. எழுதித் தருவதற்கோ மாற்றி எழுதுவதற்கோ பணம் கொடுப்பதை எதிர்க்கிறோம்.

காரணங்கள்

பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் வழியே அனுப்பும் முதன்மைக் கட்டுரைக்கு வரம்பு 250 முதல் 650 சொற்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 8 கேள்விகள் கொடுத்து 4-க்குப் பதில் கேட்கிறது. ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். இந்தச் சின்ன இடத்தில் கல்லூரிகள் தேடுவது அந்தப் பிள்ளையின் குரலை. தாத்தாவின் மளிகைக் கடையில் கணக்கு எழுதிய அனுபவத்தைக் கூலிக்கு எழுதுபவர் 'தலைமைப் பண்பு' ஆக்கிவிட்டால், கடையும் போகும், பிள்ளையும் போகும்.

விண்ணப்பத்தை அனுப்பும்போது கட்டுரை தன் சொந்தப் படைப்பு என்று மாணவர் உறுதி கூறுகிறார். அடுத்தவர் எழுதியது என்று பின்னால் தெரிந்தால், கிடைத்த இடமே பறிபோகலாம். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைத் தன்னுடையதாகக் காட்டுவதையும் காமன் ஆப் மோசடியாகவே கருதுகிறது. டியூக் பல்கலைக்கழகம் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டதாக 2024-இல் தெரியவந்தது. செயற்கை நுண்ணறிவும் கட்டண ஆலோசகர்களும் பெருகியதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காசு கொடுத்து ஏற்றும் மெருகுக்கு மதிப்புக் குறைந்துவருகிறது என்றே இதைப் புரிந்துகொள்கிறோம்.

எது உதவி, எது மீறல்

"இந்தப் பத்தியில் என்ன சொல்ல வந்தாய்?" என்று கேட்பதும், எழுத்துப்பிழையைச் சுட்டுவதும், எங்கே சலிக்கிறது என்று சொல்வதும் உதவி. வாக்கியத்தை எழுதி நீட்டுவதும், நடக்காததைச் சேர்ப்பதும் மீறல்.

பெற்றோருக்கு

1. முதலில் பள்ளியின் ஆங்கில ஆசிரியரிடம் காட்டுங்கள். விண்ணப்ப நடைமுறை பற்றிய சந்தேகங்களுக்குச் சென்னையில் அமெரிக்க அரசின் கல்வி ஆலோசனை அமைப்பான எஜுகேஷன் யுஎஸ்ஏவின் மையம் இருக்கிறது.
2. அதன் பிறகும் பணம் கொடுப்பதென்றால், எத்தனை முறை படிப்பார், என்ன செய்வார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளையின் முதல் வரைவைப் பத்திரப்படுத்துங்கள்.
3. "சீட் கேரண்டி" என்பவரிடமும், விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டு கேட்பவரிடமும் போகாதீர்கள்.
4. நகையை அடகு வைத்துக் கட்டவேண்டிய தொகை என்றால் வேண்டவே வேண்டாம்.

எங்கள் பொறுப்பு

பணம் கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைகளின் கட்டுரைகளை எங்கள் ஆசிரியர்கள் கட்டணமின்றிப் படித்துக் கருத்துச் சொல்வார்கள். ஒரு வாக்கியமும் எழுதித் தரமாட்டார்கள். பிளஸ் ஒன் முடிவதற்குள் தன்னைப் பற்றி எழுதிப் பழக வாரம் ஒரு வகுப்பை ஒதுக்கும்படி பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பழக்கம் இருந்தால் கடைசி மாதத்தில் கன்சல்டன்சி வாசலில் நிற்கவேண்டியிருக்காது.