முளைக்குமுன் கெடும் பல்

ஆறு வயதில் முளைக்கும் நிலைத்த கடைவாய்ப்பல், சில பிள்ளைகளுக்கு மஞ்சள் திட்டுகளுடன் எழுந்து பொடிந்து உதிர்வதைக் கண்டிருப்பீர்கள். மிட்டாயின் மீது பழி போடுகிறோம். ஆனால் அப்பல்லின் எனாமல் பெரும்பாலும் உருவாவது முதல் மூன்று வயதுக்குள்! அப்போது நேர்ந்த குறையை எனாமல் பின்னர் தானே சரிசெய்துகொள்வதில்லை.

டெட்ராசைக்ளின் மருந்து கால்சியத்தோடு பிணைந்து, வளரும் பல்லில் நீங்காக் கறையாகப் படியும். ஆகவே கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்டோருக்கும் அதைப் பொதுவாகத் தவிர்க்கின்றனர். அமாக்சிசிலின் மீதும் சில ஆய்வுகள் ஐயுறுகின்றன. எனினும் எனாமலைக் கெடுத்தது மருந்தா, அதைத் தேவையாக்கிய காய்ச்சலா என்பது தீர்ந்தபாடில்லை.

வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. அலமாரியில் மிஞ்சிய சிரப்பை ஊட்டாதீர்கள். நிமோனியாவுக்கு மருத்துவர் எழுதித் தந்ததைப் பல்லுக்கு அஞ்சி நிறுத்திவிடவும் வேண்டாம்.