பழைய வாட்ச் புதுசா மின்னுதா? கொஞ்சம் யோசிங்க!

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டோ, ஆன்லைனோ... 'ஒரிஜினல் எச்.எம்.டி.' என்றதும் பர்ஸைத் திறக்காதீங்க.

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூருவில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது எச்.எம்.டி. 2016-ல் அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் தந்தது. இன்று சந்தைக்கு வரும் பழைய 'ஜனதா', 'பைலட்' எல்லாம் பெரும்பாலும் யாரோ கட்டிக் கழற்றியவைதான்.

40 வருஷம் ஓடிய வாட்ச்சில் டயல் மட்டும் பளபளன்னு இருந்தா, அது ரீபெயின்ட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லென்ஸ் வைத்துப் பாருங்க. எழுத்து பிசிறடிக்குதா? நிமிடக் கோடுகள் கோணலா இருக்கா? பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்க. உள்ளே இருக்கிற மெஷினும் எச்.எம்.டி.தானா? திறக்க மறுத்தா, நகர்ந்துடுங்க.

ரீபெயின்ட் செய்வது தப்பில்லை. அதை மறைத்து ஒரிஜினல் விலை கேட்பதுதான் தப்பு. கட்டி அழகு பார்த்தா போதும் என்பவர்கள், விலையைக் குறைத்துப் பேசி தாராளமா வாங்கலாம்.

வீட்டில் தாத்தா வாட்ச் இருக்கா? சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, 'டயலைத் தொடாதீங்க' என்று சொல்லிடுங்க. மஞ்சளேறிய அந்த முகத்தை ஒருமுறை அழித்துவிட்டால், எவ்வளவு காசு கொடுத்தாலும் திரும்ப வராது!