டிக்கிக்குள் கிடக்கும் கேபிள்

"கறன்ரிலேயே அறுபது எழுபது கிலோமீற்றர் ஓடும் என்று சொல்லித்தான் வாங்கினனாங்கள். பார்த்தால் காஸ் செலவு பழைய காருக்கு வந்த மாதிரித்தான் வருகுது." பிளக்-இன் ஹைபிரிட் கார் வைத்திருக்கும் ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் வீடுகளில் இந்தக் குறையை அடிக்கடி கேட்கிறோம். இரவில் காரை எங்கே செருகுகிறீர்கள் என்று கேட்டால், பலர் சொல்லும் பதில்: "செருகிறதில்லை. ஓட ஓடத் தானாகச் சார்ஜ் ஏறும்தானே?"

ஏறுவது போதாது. பிளக்-இன் ஹைபிரிட் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து கிளைப்பவை என்பதால், அதைக் கொஞ்சம் ஆறுதலாக விளக்க வேண்டும்.

1997 இல் ஜப்பானில் பிரியஸ் வெளிவந்த நாள்முதல் நமக்குப் பழக்கமான ஹைபிரிட், செருகத் தேவையில்லாத ஹைபிரிட். அதன் பற்றறி மிகச் சிறியது, ஒன்று இரண்டு யூனிட் (கிலோவாற் மணி) மின்சாரத்துக்கு மேல் கொள்ளாது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிப்போகும் சக்தியைக் கொஞ்சம் பிடித்து வைத்து, அடுத்த பச்சை விளக்கில் கார் கிளம்பும்போது திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை. அந்தச் சக்தியும் முதலில் பெற்றோலிலிருந்து வந்ததே. பிளக்-இன் ஹைபிரிட்டில் இருப்பது வேறு அளவு. இங்கு பரவலாக ஓடும் ரொயோட்டா ராவ்4 பிரைமின் பற்றறி 18.1 கிலோவாற் மணி. கனடிய அரசின் கணிப்பில் அது ஒரு சார்ஜில் 68 கிலோமீற்றர் ஓடும். அந்தப் பெரிய பாத்திரத்தை பிரேக்கிலிருந்து சொட்டும் துளிகளால் நிரப்ப முடியாது. சுவரிலிருந்துதான் நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விட்டால், வெறும் பற்றறியின் பாரத்தையும் சுமந்துகொண்டு ஓடும் சாதாரண ஹைபிரிட்டாகவே அது இருக்கும்.

இது நம் வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. 2018 இல் பிரித்தானியாவில் நிறுவனங்கள் தம் ஊழியருக்குக் கொடுத்திருந்த பிளக்-இன் ஹைபிரிட்டுகள் திரும்பி வந்தபோது, சிலவற்றில் சார்ஜ் கேபிள் உறைகூடப் பிரிக்கப்படாமல் டிக்கிக்குள் கிடந்ததாகச் செய்தி வந்தது. வரிச் சலுகைக்காக வாங்கிய கார்கள் அவை. பெற்றோலுக்கு நிறுவனம் பணம் கொடுக்கும்போது வீட்டு மின்சாரத்தைச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதை இன்னும் துல்லியமாகக் காட்டியது. கார்களுக்குள்ளேயே பொருத்தப்பட்ட எரிபொருள் அளவிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பிளக்-இன் ஹைபிரிட்டுகள் தெருவில் வெளியிட்ட கரியமில வாயு ஆய்வுகூடக் கணக்கைவிடச் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. கார் ஒழுங்காகச் செருகப்பட்டு, பெரும்பாலான தூரத்தை மின்சாரத்தில் ஓடும் என்று ஆய்வுகூடக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தது. மனிதர்கள் அப்படி ஓடவில்லை.

சரி, செருகுவது என்றால் எப்படி? "அதுக்குப் பெரிய சார்ஜர் பூட்ட வேணுமாமே, ஆயிரக்கணக்கில் செலவாமே" என்ற பயத்தில்தான் பலர் கேபிளைத் தொடாமல் விடுகிறார்கள். முழு மின்காருக்கு அந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. பிளக்-இன் ஹைபிரிட்டுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. நம் வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண 120 வோல்ற் பிளக் பொயின்ற் 12 அம்பியரில் ஏறத்தாழ 1.4 கிலோவாற் கொடுக்கும். இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணிவரை எட்டு மணிநேரத்தில் அது பதினொன்றரை யூனிட். ராவ்4 பிரைம் 100 கிலோமீற்றருக்குச் சுமார் 22 யூனிட் எடுக்கிறது. ஆகவே தூங்கி எழும்பும் நேரத்துக்குள் 50 கிலோமீற்றருக்கான மின்சாரம் ஏறிவிடும். வேலைக்குப் போய், பிள்ளையை வகுப்பில் இறக்கி, கடைக்குப் போய்த் திரும்பும் ஒரு சாதாரண நாளுக்கு இது போதும்.

ஆனால் அந்தப் பிளக் பொயின்ற் நல்ல நிலையில் இருக்க வேண்டும். தேநீர்க் கேத்தல் சில நிமிடங்கள்தான் இழுக்கும். கார் இரவு முழுவதும் விடாமல் இழுக்கும். தளர்ந்துபோன பழைய சொக்கற் அந்தச் சுமையில் சூடேறி உருகவும் கூடும். முதல் சில இரவுகளில் ஒரு மணிநேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு சொக்கற்றை மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். அதே பிரேக்கரில் ஹீற்றரோ குளிர்சாதனப் பெட்டியோ ஓடினால் பிரேக்கர் விழும், அதனால் காருக்கென்று தனி இணைப்பு இருப்பதே நல்லது. 240 வோல்ற் போட விரும்புபவர்கள், ஆள்வைத்துச் செய்வதானால் ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக்கொண்டே செய்ய வேண்டும், மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தே செய்ய வேண்டும். தெரிந்த ஒருவர் மலிவாகச் செய்து தருவார் என்பதற்காக இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தீப்பிடித்தால் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி இதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

எப்போது செருகுவது என்பது எப்படிச் செருகுவது என்பதைப் போலவே முக்கியம். 2023 மே மாதம் ஒன்ராறியோவில் மிகக் குறைந்த இரவுக் கட்டணம் என்றொரு திட்டம் தொடங்கியது. தொடங்கியபோது இரவு 11 முதல் காலை 7 வரை ஒரு யூனிட் 2.4 சதம். வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை 24 சதம். அதாவது பத்து மடங்கு. பின்னர் விலைகள் மாறிவிட்டன, ஆனால் இரவுக்கும் மாலைக்கும் இடையிலான அந்தப் பெரிய வித்தியாசம் மாறவில்லை. மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்ததும் செருகிவிட்டு உள்ளே போகிறவர், திட்டத்தின் மிக விலையுயர்ந்த மணிநேரத்தில் சார்ஜ் ஏற்றுகிறார். செருகுவது எப்போதாக இருந்தாலும், சார்ஜ் ஏறத் தொடங்கும் நேரத்தைக் காரின் திரையிலேயே 11 மணிக்கு வைத்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தத் திட்டத்துக்கு மாறினால் காருக்கு மட்டுமல்ல, வீடு முழுவதற்கும் அதே விலைதான். மாலை ஆறு மணிக்கு மின் அடுப்பில் சோறும் கறியும் கொதிக்க, உடுப்புக் காயவிடும் மெசினும் சுற்றும் வீட்டில், காரில் மிச்சம்பிடித்தது அடுப்படியில் போய்விடலாம். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு இரவு 7 மணிக்கே குறைந்த விலை தொடங்கும் வழமையான நேரக் கட்டணமே பொருத்தம். ஹைட்ரோ பில்லை ஒருமுறை கையில் எடுத்துவைத்து, உங்கள் வீடு எந்த மணிநேரத்தில் அதிகம் எரிக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

இனிக் குளிர்காலம். ஜனவரி வந்ததும் வரும் முறைப்பாடு: "பற்றறி நிறைய இருக்கு, ஆனால் என்ஜின் தானாக ஸ்ராட் ஆகுது. பழுதோ?" பழுதல்ல. பெற்றோல் என்ஜின் தான் எரிக்கும் எரிபொருளில் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்குகிறது. அந்த வீண் வெப்பத்தில்தான் இத்தனை காலமும் நாம் காருக்குள் இலவசமாகக் குளிர்காய்ந்தோம். மின்மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை, ஆகவே உள்ளே சூடு வேண்டுமானால் அதைத் தனியே உண்டாக்க வேண்டும். ராவ்4 பிரைமில் வெப்பப் பம்பி இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப் போட்டதுபோல, வெளிக்காற்றிலுள்ள கொஞ்ச வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளும். வெளியே ஏறக்குறைய மறை 10 பாகைக்குக் கீழே போனால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. அப்போது கார் என்ஜினைக் கூப்பிடுகிறது. ஒன்ராறியோவின் வின்ட்சரில் தயாரான கிறைஸ்லர் பசிபிக்கா ஹைபிரிட்டிலும் கடுங்குளிரில் சூட்டுக்காக என்ஜின் ஓடும். குளிரில் பற்றறியும் மந்தமாவதால், மின்சாரத்தில் ஓடும் தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் கவலைப்படாதீர்கள். ஏப்ரலில் திரும்பி வரும்.

செய்யக்கூடியவை சில உண்டு. கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே, கேபிள் செருகியிருக்கும்போதே காரைச் சூடாக்குங்கள். 120 வோல்ற் இணைப்பில் தேவையான முழு மின்சாரமும் சுவரிலிருந்து வராது, கொஞ்சம் பற்றறியிலிருந்தும் போகும். அப்படியானாலும் இலாபம்தான். ஓடும்போது காருக்குள் முழுக் காற்றையும் சூடாக்குவதைவிட, இருக்கைச் சூட்டையும் ஸ்டியரிங் சூட்டையும் நம்பினால் மிகக் குறைந்த மின்சாரத்தில் உடம்பு சூடாக இருக்கும். கடுங்குளிர் நாளில் எப்படியும் என்ஜின் ஓடப்போகிறது என்றால், மூன்று தடவை இரண்டு கிலோமீற்றர் போய்வருவதை ஒரே பயணமாகச் சேர்த்துவிடுங்கள். சூடாகு முன்பே நின்றுவிடும் என்ஜின் பெற்றோலையும் குடிக்கும், தன்னையும் கெடுத்துக்கொள்ளும்.

நீண்ட பயணத்தில் மின்சார, ஹைபிரிட் மோட்களை எப்படிப் பாவிப்பது என்பது நம்மவர் அதிகம் விவாதிக்கும் விடயம். ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு ஏறக்குறைய 540 கிலோமீற்றர். பற்றறி எப்படியும் வழியில் தீரும். ஆகவே எங்கே அதைச் செலவழிப்பது என்று நீங்களே தீர்மானிக்கலாம். 401 நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது என்ஜின் தன் சிறந்த நிலையில் இருக்கிறது. நின்று நின்று ஊரும் நகர நெரிசலில்தான் அது மோசம், மின்மோட்டார் அங்கேதான் சிறப்பு. நெடுஞ்சாலையில் ஏறியதும் ஹைபிரிட் மோடுக்கு மாற்றி, மீதிச் சார்ஜை மொன்றியல் தெருக்களுக்கு வைத்திருங்கள். ஆனால் அதைச் செலவழிக்காமலே வீடு திரும்பினால் சேமித்ததில் பயனில்லை. ஓடும்போதே என்ஜினைக்கொண்டு பற்றறியை நிரப்பும் பொத்தானைப் பற்றி எங்கள் கருத்துத் தெளிவானது: நாளாந்த ஓட்டத்தில் தொடாதீர்கள். பெற்றோலை எரித்து, மின்சாரமாக்கி, பற்றறியில் போட்டு, திரும்ப எடுத்துச் சில்லைச் சுழற்றும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழக்கிறீர்கள்.

பொதுச் சார்ஜரிலும் இதே கணக்குத்தான். பெரும்பாலான பிளக்-இன் ஹைபிரிட்டுகள் அதிவேகச் சார்ஜரை ஏற்காது. 3.3 கிலோவாற்றில் ஒரு மணிநேரம் நின்றால் கிடைப்பது சுமார் 15 கிலோமீற்றர். அதே தூரத்தைப் பெற்றோலில் ஓட ஒரு லீற்றரும் முழுதாகத் தேவையில்லை. மணிக்கு அறவிடும் கட்டணம் அதைவிடக் கூடவென்றால் செருகாமல் வந்துவிடுங்கள்.

ஒழுங்காகச் செருகுபவர்களுக்கு வேறொரு சந்தேகம் வரும்: மாதக்கணக்கில் பெற்றோல் அடிக்காவிட்டால் என்ன ஆகும்? பெற்றோல் பழசாகும். அதனால்தான் செவ்ரொலே வோல்ற், தாங்கியிலுள்ள பெற்றோல் ஒரு வருடத்தைக் கடந்தால் என்ஜினை ஓட்டி எரித்துவிடும். மிற்சுபிசி அவுட்லாண்டர் மூன்று மாதம் பார்த்துவிட்டுத் தானே ஸ்ராட் செய்யும். தாங்கியை எப்போதும் நிரப்பி வைக்காமல், பாதிக்குக் கீழே வைத்துக்கொண்டு இடையிடையே கொஞ்சம் அடிப்பதே நல்லது. ஒயிலையும் ஓடிய தூரத்தைப் பார்த்து மட்டுமல்ல, காலத்தைப் பார்த்தும் மாற்ற வேண்டும். பிரேக்கும் அப்படித்தான். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் தட்டுகள் அதிகம் தேய்வதில்லை, ஆனால் தெரு உப்பில் துருப்பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துப்புரவாக்கச் சொல்லுங்கள்.

"ஒவ்வொரு இரவும் முழுக்க ஏற்றினால் பற்றறி கெட்டுப்போகாதா?" என்பதற்கும் பதில் உண்டு. திரை நூறு வீதம் என்று காட்டினாலும், மேலும் கீழும் ஒரு பகுதியை உற்பத்தியாளர் தொடவிடாமல் ஒதுக்கியே வைத்திருக்கிறார். முதல் செவ்ரொலே வோல்ற்றின் 16 கிலோவாற் மணிப் பற்றறியில் ஓட்டத்துக்குக் கொடுத்தது பத்து சொச்சம்தான். பயமின்றிச் செருகுங்கள்.

உண்மையில் எங்களை அதிகம் யோசிக்க வைப்பவர்கள் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்கள். கார் டிரைவ்வேயில் நிற்கும், பிளக் பொயின்ற் வீட்டுக்காரருடையதாக இருக்கும், ஹைட்ரோ வாடகைக்குள் அடங்கியிருக்கும். கேட்கக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் பெற்றோலில் ஓடுகிறார்கள். கணக்கோடு போய்க் கேளுங்கள். நாளுக்கு 40 கிலோமீற்றர் வீதம் மாதம் 22 நாள் ஓடினால் சுமார் 200 யூனிட். எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 15 சதம் என்று வைத்தாலும் 30 டொலர். அதே தூரத்துக்கு 53 லீற்றர் பெற்றோல் வேண்டும், லீற்றர் ஒன்றரை டொலர் என்றால் 80 டொலர். மாதம் 40 டொலர் கூடத் தருகிறேன் என்று சொன்னால் இரண்டு பேருக்கும் நட்டமில்லை. வீட்டுக்காரர்களிடமும் கேட்கிறோம்: உங்கள் பில்லில் கூடப்போவது இவ்வளவுதான், சந்தேகம் இருந்தால் சுவரில் செருகும் சிறிய மின் அளவி ஒன்றை வாங்கி இடையில் பொருத்திப் பாருங்கள்.

கொண்டோவில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு 2018 மே முதல் ஒன்ராறியோ விதிகள் சாதகமாக உள்ளன. சார்ஜர் பூட்ட விண்ணப்பித்தால், பாதுகாப்பு போன்ற குறிப்பிட்ட சில காரணங்களுக்காகவே நிர்வாகம் மறுக்க முடியும். அங்கே வாடகைக்கு இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை.

இன்னும் வாங்காதவர்கள், விற்பனையாளரிடம் போவதற்கு முன் இன்றிரவு உங்கள் காரை வழமையான இடத்தில் விட்டுவிட்டு இறங்கி, கேபிள் எட்டும் தூரத்தில் ஒரு பிளக் பொயின்ற் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், இருக்கச் செய்யவும் வழியில்லையென்றால், செருகத் தேவையில்லாத சாதாரண ஹைபிரிட்டை வாங்குங்கள். அது பல ஆயிரம் டொலர் மலிவு.